நான் அழித்த பதினோராம் பகுதி

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. சந்தை வியாபாரிகள்மேல் பாதி, என்மேல் பாதி என்று சொல்லலாம். சில நாட்களில் என்மேல்தான் அதிகம்.

பொதிகள் அனுப்பும் கம்பனி ஒன்றில் யாழ்ப்பாணத்தில் வேலை செய்கிறேன். சரக்கு எங்கிருந்து கிளம்பி யார் யார் கையால் போகிறது என்பதைப் பற்றித் தமிழில் ஒரு பொட்காஸ்ட்டும் நடத்துகிறேன். ஸ்டூடியோ என்றால் என் பழைய கார்தான். ஏசி போட்டால் இரைச்சல் விழும் என்று, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வியர்த்து வடிய இருந்து பேசுவேன். முதல் பத்துப் பகுதிகளிலும் கொள்கலன், குளிரறை, விநியோகச் சங்கிலி என்று வாய் ஓயாமல் அளந்தேன். கனடாவிலிருந்து பாராட்டு வந்தது.

பதினோராவதற்கு நீர்வேலியில் வாழை செய்யும் ஒரு அக்காவிடம் போனேன். தோட்டம் அவருடையது, பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டரை, அந்தச் சின்ன உழவு இயந்திரத்தை, ஓட்டுவதும் அவரே. இதரை வாழைக் குலைகளை ஏற்றிக்கொண்டு விடியச் சந்தைக்குப் போவார். அங்கே பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோவைக் கழிவு என்று சும்மா எடுத்துக்கொள்வார்கள். கேட்டால், குலைத்தண்டின் பாரமாம்.

"கத்தரிக்காய்க்கும் கழிக்கினம். கத்தரிக்காயிலை எங்கை குலைத்தண்டு இருக்கு?" என்று மைக்கைப் பார்த்தே கேட்டார். பிறகு குரலைத் தணித்தார். "என்ரை பேர் வேண்டாம் தம்பி. எனக்கு வேறை சந்தை இல்லை."

"ஓம் அக்கா, ஒருத்தருக்கும் தெரியவராது" என்று பெரிய மனிதன்போல வாக்குக் கொடுத்தேன்.

பதிவிலிருந்து பேரை எடுத்தேன். ஊரை எடுத்தேன். குரலையும் மாற்றினேன். ஆனால் தொடக்கத்தில் அந்த லாண்ட்மாஸ்டர் வரும் சத்தத்தை மட்டும் விட்டுவைத்தேன். அது மூன்று தரம் இருமி, நின்று, பிறகு உதைத்துக்கொண்டு ஓடும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊர்ச்சத்தம் என்றால் உயிர் என்ற நினைப்பு எனக்கு. அதே சத்தத்தை நாள்தோறும் விடியற்காலையில் கேட்கிற ஆட்கள் சந்தையில் இருக்கிறார்கள் என்பது இந்தப் படித்த மூளைக்கு எட்டவில்லை.

வெளியிட்ட மூன்றாம் நாள் அக்கா அழைத்தார்.

"வெட்டின குலை எல்லாத்தையும் திரும்பக் கொண்டு வந்திட்டன். ஒருத்தனும் தொடேல்லை. 'றேடியோவிலை வித்துப் பாருங்கோவன்' எண்டு சிரிக்கிறாங்கள்."

வெட்டிய குலை யாருக்காகவும் காத்திருக்காது. பத்துப் பகுதிகளாக இதைத்தானே ஊருக்கு உபதேசம் செய்தேன்! நேரே சந்தைக்குப் போனேன். "நாங்கள் ஆரையும் வேண்டாமெண்டு சொல்லேல்லை. இண்டைக்குத் தேவையில்லை, அவ்வளவுதான்" என்றார் ஒரு வியாபாரி, வெற்றிலையை மென்றபடி. அவருடைய தராசைத் தூக்கி எறியக் கை துடித்தது. எறியவில்லை. காருக்குள் வந்து இருந்து பதினோராம் பகுதியை அடியோடு அழித்தேன். அழித்தால் அக்காவை விட்டுவிடுவார்கள் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். உண்மையில், பயந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து நீர்வேலிக்குப் போனேன். குலைகள் பழுத்து வெடித்துக் கிடந்தன, பழ ஈக்கள் மொய்த்தன. அக்கா சீப்புச் சீப்பாக முறித்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அழித்துவிட்டேன் என்பதை நல்ல செய்திபோலச் சொன்னேன்.

கையிலிருந்த சீப்பை நிலத்தில் எறிந்தார்.

"ஆரைக் கேட்டு அழிச்சனீர்?"

"உங்களுக்காகத்தான் அக்கா..."

"எனக்காகவோ? இத்தினை வருசத்திலை ஒருக்கால்தான் வாய் துறந்தனான். அதுக்குக் குலை முழுக்க மாட்டுக்குப் போகுது. அவங்கள் பத்திலை ஒண்டைத்தான் எடுக்கிறாங்கள். நீர் நான் சொன்னதை முழுசா எடுத்துப்போட்டீர்."

வியாபாரிமேல் வந்த கோபத்தில் கால்வாசிகூட எனக்கு அப்போது உதவிக்கு வரவில்லை.

"அந்த மைக் காரிலை கிடக்கோ?"

"கிடக்கு. ஆனா... வேறை சந்தை இல்லையெண்டனீங்கள்."

"இப்பவும் இல்லை. எடுத்துக்கொண்டு வாரும்."

எடுத்து வந்தேன். அவர் வாய்க்கு நேரே பிடித்தேன். அக்கா கையை உடுப்பில் துடைத்துவிட்டு, முதலில் தன் முழுப்பெயரைச் சொன்னார்.