தள்ளாடியவனை நடக்க வைத்த அம்மா

நெசவாளர் சங்கத் தலைவரே, பொதுக்கூட்டத்தில் என்னைக் குடிகாரன் என்று சொல்லி, எனக்கு நெய்யப் பட்டு நூல் கொடுக்கவிடாமல் செய்தவர் நீர்தான். வைரஸ் காய்ச்சல் வந்து என் காது நரம்பு கெட்டிருந்தது. தறிக்குழியில் இறங்கினாலே தலை சுற்றும். தெருவில் தள்ளாடித்தான் நடந்தேன்.

என்னை நிமிர்த்தியவர் பெரியாஸ்பத்திரி பிசியோதெரபி அம்மா. குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி. என் முகத்துக்கு நேரே கட்டைவிரலை நீட்டியபடி பின்பக்கமாகவே நடப்பார்; நான் அந்த விரலையே பார்த்து நடக்க வேண்டும். மேசையில் இடித்துக்கொண்டாலும் விரலை இறக்கமாட்டார்.

"பயந்து படுத்துக்கினே இருந்தா எப்படிப்பா? சுத்தட்டும். சுத்தினாத்தான் மூளை பழகும்."

தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருக்கும்போது அதன் ஓரமாக, தலையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி நடக்கச் சொன்னார். நடந்தேன். "காலையிலேயே ஏத்திக்கினு வந்துட்டான்டா" என்று உம் ஆட்கள் சிரித்தார்கள். அந்த அம்மாவிடம் போய் அழுதேன்.

"உங்க தலைவரை இட்டுக்கினு வாப்பா. சுத்துற நாற்காலியில உட்கார வெச்சு நாலு சுத்து சுத்திவிடறேன். அப்புறம் அவர் நேரா நடக்கட்டும், பார்க்கலாம்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. அது கேலியா, கோபமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அவர் மாற்றலாகிப் போய்விட்டார். நான் நேராக நடக்கிறேன். பட்டு மட்டும் இன்னும் வரவில்லை. தலைவரே, அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லும்: என்னை எந்தச் சாராயக்கடையில் பார்த்தீர்?