தூங்காமலிருக்க ஒரு வழி

அமெரிக்காவில் விமானம் ஏறியதுமே ஜெயக்குமார் கைக்கடிகாரத்தைக் காஞ்சிபுரத்து நேரத்துக்குத் திருப்பிவைத்தான். காபியைத் தொடவில்லை, தண்ணீராகக் குடித்தான், ஊரில் இரவாகும் நேரம் பார்த்துக் கண்ணை இறுக மூடிக் கிடந்தான். பொட்டுத் தூக்கம் வரவில்லை. சாகக் கிடந்த அப்பா வீரபாகு எப்போதாவதுதான் கண் திறந்தார். அந்த நேரம் எதிரே இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

காலையில் வீடு வந்து, நினைவற்றுக் கிடந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்தான். அமெரிக்காவில் இது நடுராத்திரி. உடம்பு இன்னும் வந்துசேரவில்லை. தலை சாய்ந்து சாய்ந்து விழுந்தது.

"கண்ணு சொருகிக்கினு இருக்குது, கொஞ்ச நேரம் படுடா" என்றாள் அக்கா காவேரி.

"இருட்டுற வரைக்கும் படுக்கக் கூடாதுக்கா. படுத்தா வாரம் பூரா இதே கதிதான்."

முகத்தைக் கழுவிக்கொண்டு தறி அறைக்குப் போனான். சத்தம் நின்றால் அப்பா தவிப்பார் என்று அக்காவின் கணவர் விடாமல் நெய்துகொண்டிருந்தார். இந்தச் சத்தத்தில் எவன் தூங்குவான் என்று சுவரோரம் சாய்ந்தான். கைக்குழந்தையாக இருந்த அவனை ஏணையில் போட்டுத் தூங்கவைத்ததே இந்தத் தறிச் சத்தம்தான் என்பது அந்த முட்டாளுக்கு மறந்துபோயிற்று.

தறி நின்றதும் திடுக்கிட்டு விழித்தான். நெய்தவரைக் காணோம். உள்ளே அழுகுரல். ஓடினான். அம்மா ஊற்றிய பால் அப்பாவின் கடைவாயில் வழிந்துகொண்டிருந்தது.

"கண்ணத் தொறந்து உன்னத்தான் கேட்டாருடா" என்று காவேரி தலையில் அடித்துக்கொண்டாள். "தறிகிட்ட தூங்குறான்னு சொல்லி எழுப்ப எழுந்தேன். 'வாணாம்மா, புள்ள தூங்கட்டும்'னாரு."