சைக்கிள் கம்பியில் ஒரு மூடித்தாங்கி

தெருவில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஸ்பிரிங்' என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். சைக்கிள் கடையில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது என் பிழைப்பு. வீட்டில் ஒழுங்காக இருக்கும் பொருளைக் கோட்டமாக்குவது என் பொழுதுபோக்கு. குழாய், கதவு, கொடிக்கம்பி, எதைப் பார்த்தாலும் இதில் ஒரு ஸ்பிரிங் வைத்தால் தேவலையே என்று கை பரபரக்கும். வைத்த பிறகு, வைக்காமலே இருந்திருந்தால் தேவலையே என்று மற்றவர்களுக்குத் தோன்றும்.

அப்படிப் பிறந்ததுதான் மடக்கு முக்காலி. பொத்தானை அழுத்தினால் தானே விரியும். தானே மடங்கவும் செய்யும் என்பது என் மனைவியின் அண்ணன் அதில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. மச்சான் கொஞ்சம் கனமான ஆள். கையில் டீ வேறு.

எழுந்து சட்டையை உதறிக்கொண்டே சொன்னார்: "மாப்பிள்ளை, உங்க மூளையைப் பத்தி நீங்கதான் பேசிக்கிறீங்க. ஏதாவது ஒரு காகிதத்துல உங்க பேரை அச்சடிச்சுக் காட்டுங்க. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த நாற்காலியானாலும் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஒவ்வொரு தடவையும் எனக்கு மானம் போகும்.

அந்த ரோஷத்தில், அதே வாரம், ஒரு பழைய சைக்கிள் போக்ஸ் கம்பியை மூன்று இடத்தில் வளைத்தேன். பாத்திரத்தின் விளிம்பில் அதைச் செருகினால் மூடி ஒரு விரல் உயரம் சாய்ந்து நிற்கும். ஆவி வெளியே போகும், மூடியில் கோத்த தண்ணீர் பாத்திரத்துக்குள்ளேயே சொட்டும். எது கொதித்தாலும் பொங்கி அடுப்பை அணைக்காது. மூடித்தாங்கி என்று பேர் வைத்தேன்.

"ஏங்க, இது நிஜமாவே வேலை செய்யுதே!" என்றாள் மனைவி. கல்யாணமாகி இருபது வருஷத்தில் என்னைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. குரலில் அவ்வளவு ஆச்சரியம் தேவையில்லை என்று நினைத்தேன்.

"பத்திரிகையில வீட்டுக்குறிப்புப் பக்கத்துக்கு எழுதிப் போடலாமா?" என்று கேட்டாள்.

"கறை போக எதைத் தேய்க்கணும்னு எழுதுற பக்கத்துலயா என் பேர் வரணும்? நான் பேட்டன்ட் வாங்கப்போறேன்!" என்று குதித்தேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

உடனே வாங்கியிருந்தால் நான் நானில்லை. அதில் ஒரு ஸ்பிரிங் வைத்துப் பார்த்தேன். இரண்டு வைத்தேன். மூடி எகிறி ஜன்னல் கண்ணாடியில் போய் விழுந்தது. இப்படியே மூன்று வருஷம் மேம்படுத்தி, எல்லா ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, முதல் நாள் வளைத்த கம்பிக்கே வந்து சேர்ந்தேன்.

பேட்டன்ட் ஏஜென்ட் ஒரே ஒரு கேள்விதான் அழுத்திக் கேட்டார்: "இதை இதுக்கு முன்னாடி எங்கயாவது வெளியிட்டீங்களா?" இல்லவே இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்து மனைவியிடமும், யாரிடமும் மூச்சு விடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. இந்தச் சாதனம் மூன்று வருஷத்துக்கு முன்பே ஒரு பத்திரிகையில் படத்தோடு வந்திருக்கிறதாம். எழுதியவர் பேர் என் பேரேதான்.

"எவனோ என் பேர்லயே திருடிட்டான்!" என்று வீடே அதிரக் கத்தினேன். மனைவி உள்ளே போனாள். அலமாரித் தட்டில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"அண்ணா அன்னைக்கு அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கலைங்க. உங்க பேரை ஒரு தடவை அச்சுல பாத்துடணும்னு இருந்துச்சு. வந்தப்புறம் உங்ககிட்டக் காட்டப் பயம்."

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு தலையில அடிச்சுக்கிட்டேனே!"

"நீங்க சொல்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே சொல்லிட்டேனே."

அந்தக் குறிப்புக்குப் பரிசாக ஒரு சாப்பாட்டு டப்பா வந்ததாம். மூன்று வருஷமாக அதில்தான் நான் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன். கோபப்பட வாயைத் திறந்தவன், பத்திரிகையை எடுத்து என் பேரை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தேன். எனக்காக இப்படி ஒருத்தி ரோஷப்பட்டிருக்கிறாள், நான் ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பேட்டன்ட் ஆபீஸ் விசாரணைக்கு ஏஜென்டோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி ஒரு அம்மா. ஃபைலை மூடிவிட்டு, "ஏற்கெனவே வெளியானதுக்குப் பேட்டன்ட் தர முடியாது சார். நீங்களே வெளியிட்டிருந்தாலும் அதே கதைதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பக்கத்தை நான் எங்கயும் தேடலை. வெட்டி எங்க அடுப்புக்கு மேல ஒட்டிவெச்சிருக்கேன். மூணு வருஷமா எங்க வீட்ல இதுதான். சின்னப் பாத்திரத்துல மட்டும் சறுக்குது. என்ன பண்ணலாம்?"

ஏஜென்ட் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். அந்தத் திருத்தத்தைத் தனியாக ஒரு விண்ணப்பமாகப் போடலாம், வாயை மூடு என்று அர்த்தம். நான் அதற்குள் சட்டைப்பையிலிருந்து குறடை எடுத்துவிட்டேன். "மூணாவது வளைவை உள்பக்கமாத் திருப்பிடுங்கம்மா" என்று மேஜை மேலிருந்த மாதிரியை வளைத்தே காட்டினேன். ஏஜென்ட் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நிராகரிப்பு உத்தரவு வந்த அன்று மச்சானும் வந்திருந்தார். உத்தரவை என்னிடமிருந்து வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார். விண்ணப்பதாரருக்கு முன்பே இந்தச் சாதனத்தை இன்னார் உருவாக்கி வெளியிட்டுவிட்டார் என்று, என் பேரைப் போட்டே அச்சடித்திருந்தது.

"அடடா, உங்க பேர்லயே ஒருத்தன் முந்திக்கிட்டானா மாப்பிள்ளை?"

"அந்த ஒருத்தன் இவர்தான் அண்ணா" என்று மனைவி பத்திரிகையை நீட்டினாள்.

அதையும் படித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடியும் படித்தார். நான் அடுத்த கிண்டலுக்குத் தயாராக நின்றேன்.

"எங்க வீட்டுக்கும் ஒண்ணு வளைச்சுக் குடுங்க" என்றார். சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த நாற்காலியில், கையால் அமுக்கிப் பார்க்காமல், அப்படியே உட்கார்ந்தார்.