மீன் தண்ணீரில் பூத்த நந்தியாவட்டை

பக்கத்து வீட்டு சார் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பூ இல்லாமல் அவர் வீட்டுப் பூஜை ஒரு நாளும் நடந்ததில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அந்த மனிதர் எங்கள் வாசலில் நின்று எங்கள் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். நல்ல ஆசை இல்லைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

2004-இல் கடலூரில் புதிதாக மனை பிரித்த ஒரு நகரில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். நாங்கள் என்றால் அம்மாவும் நானும்தான். அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் போர் போட்டு மோட்டார் வைத்தபோது, அம்மா மட்டும் மோட்டாரோடு ஒரு அடிபம்பும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். "கரண்டு போச்சின்னா மோட்டார மொறச்சிப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க முடியுமா?" என்றாள்.

பம்படியில் சிந்தும் தண்ணீர் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஓடி வீணாகப் போனது. அங்கே ஐப்பசி மழையில் அம்மா ஒரு நந்தியாவட்டைக் குச்சியை ஊன்றினாள். கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தது. அடுக்கு ரகம், வருஷம் முழுக்கப் பச்சை மாறாது, வெயிலோ மழையோ நாலு பூவாவது இருக்கும் என்று சொல்லியிருந்தாள். அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அம்மா ராப்பகலாக டியூட்டி பார்த்து ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். அந்த நாட்களில் குச்சிக்குத் தண்ணீர் விட்டது நான்தான். அது இரண்டு இலை விட்டபோது வீட்டில் சொல்ல ஆள் இல்லாமல் நானே சிரித்துக்கொண்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சார் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அரசாங்க வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனதும் கறி மீனை விட்டுவிட்டு முழுப் பக்திமானாக மாறியவர். கட்டட வேலையைப் பார்க்க வந்தவர் ஒருநாள் சுவரோரம் நின்று அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"சொந்த ஊரு எதுங்கம்மா?"

"மேல்பட்டாம்பாக்கம் பக்கம் சார்."

"ஊருக்குள்ளயா? காலனிப் பக்கமா?"

எங்கள் பக்கத்தில் சாதியைக் கேட்க இதைவிட மரியாதையான வழி கிடையாது. அம்மா வாளியைக் கீழே வைக்காமலே "காலனி சார்" என்றாள். அவர் "அப்டிங்களா, நல்லது" என்று சொல்லிவிட்டு, பம்பைப் பார்த்து, "இந்தக் காலத்துல பட்டிக்காடு மாதிரி அடிபம்பு எதுக்கும்மா?" என்று பேச்சை மாற்றினார்.

தை மாதம் அவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். எங்களையும் அழைத்திருந்தார். அம்மா பச்சைப் பட்டு கட்டி, எவர்சில்வர் டம்ளர் செட் ஒன்றைக் கலர் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டாள். கூடத்தில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது. எங்களுக்கு முன்னால் வந்ததும் அவர் மனைவி தட்டோடு உள்ளே திரும்பிப் போய், இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் கப்பில் கொண்டுவந்து கொடுத்தார். யூஸ் அண்ட் த்ரோ கப். நான் தொடவில்லை. அம்மா குடித்தாள். குடித்துவிட்டு எங்கே வைப்பது என்று பார்த்தபோது அந்த அம்மாள் மெதுவாக, "வெளியில போட்டுடுங்க" என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. அத்தனை இனிமையாகச் சொன்னார்.

வாசலுக்கு வந்ததும் அம்மா கப்பைக் கைப்பைக்குள் வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "தெருவுல குப்பத்தொட்டி இல்ல" என்றாள். வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா பட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே, "விடு. படிக்கிற வேலையப் பாரு" என்றாள். அவளுக்குச் சொரணையே இல்லையோ என்று அன்றைக்கு நினைத்தேன். ஆண்டுக்கணக்கில் அப்படியே நினைத்தேன்.

அடுத்த வருஷம் நந்தியாவட்டை சுவருக்கு மேல் தலையை நீட்டியது. இலை எண்ணெய் தடவினாற்போல் மின்னும். பூவைக் கிள்ளினால் காம்பில் பால் சொட்டும். ஒருநாள் காலையில் சார் அந்தப் பக்கமிருந்து, "நாலு பூ எடுத்துக்கிறேம்மா, சாமிக்கு" என்றார். அம்மா "தாராளமா எடுத்துக்குங்க சார்" என்றாள். கேட்டது அந்த ஒரு நாள்தான். மறுநாளிலிருந்து துறட்டியும் பூக்கூடையுமாக விடிவதற்கு முன்னால் வந்து நின்றுவிடுவார். கிளையை வளைத்து ஒன்று விடாமல் பறிப்பார். நான் எழுந்து வரும்போது சுவரெல்லாம் பால் வடிந்து கறையாக இருக்கும். செடியில் பூ இருக்காது.

ஒரு வாரம் அவருக்கு முன்னால் எழுந்து நானே எல்லாவற்றையும் பறித்தேன். அவர் சளைக்கவில்லை. சாயங்காலமே மொட்டைப் பறித்துப் போய்த் தண்ணீரில் போட்டு மலர வைத்துக்கொண்டார். அந்த மூளையை எதற்கெல்லாமோ உபயோகப்படுத்தியிருக்கலாம். அதே சமயத்தில்தான் அவர் மனைவிக்குத் தினமும் சர்க்கரை ஊசி போட அம்மா அந்த வீட்டுக்குப் போய்வந்தாள். ஊசி போடக் கையை நீட்டுவார்கள். அதற்கு மட்டும் எந்த ஊர், எந்தப் பக்கம் என்பதெல்லாம் கிடையாது.

2006-இல் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தேன். தினமும் பஸ். மார்கழித் திருவாதிரை அன்று காலை பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. நான் உட்கார்ந்திருந்தேன். சார் கம்பியைப் பிடித்து என் பக்கத்தில் நின்றிருந்தார். இன்னொரு கையில் வாழை இலையில் பொதிந்த பூ, ஒரு துணிப்பைக்குள். நின்றுகொண்டு வருபவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது பஸ்ஸில் எல்லோரும் செய்வது. பழக்கதோஷத்தில் நானும் கையை நீட்டினேன்.

"பரவால்லம்மா. சாமிக்குப் போற பூ" என்றார்.

பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். சிதம்பரம் வரைக்கும் அப்படியே நின்றார். பிரேக் போடும்போதெல்லாம் தடுமாறினார், ஒருமுறை கண்டக்டர் மீதே சாய்ந்தார், பையை மட்டும் இறக்கவில்லை. நான் தண்ணீர் விட்டு, புழு பொறுக்கி, கவாத்து செய்து வளர்த்த செடியின் பூ. என் கை பட்டால் கெட்டுவிடுமாம். அவர் கை வலிக்கட்டும், இன்னும் நன்றாக வலிக்கட்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டே வந்தேன்.

அன்று சாயங்காலம் முதுநகரிலிருந்து வரும் மீன்காரம்மாவிடம் சங்கரா வாங்கினோம். மீன் கழுவின தண்ணீரைக் கொட்டப் போனபோது எனக்கு வழி தெரிந்துவிட்டது. நேரே நந்தியாவட்டைக்குப் போய் வேரடியில் ஊற்றினேன். பூனை தோண்டாமல் இருக்க மேலே மண்ணைத் தள்ளினேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் கழுவின தண்ணீரும், ஞாயிற்றுக்கிழமை கறி கழுவின தண்ணீரும் ஒரு சொட்டு வேறெங்கும் போகவில்லை. செதில், குடல், தலை எல்லாம் பள்ளம் பறித்துப் புதைத்தேன். பச்சைப் பசேலென்று விரல் தடிமனில் வரும் புழுக்களை, இலைக்குக் கீழே ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். கிளைகளைக் கயிறு கட்டி அவர் பக்கமாகச் சாய்த்துவிட்டேன். இந்த அளவுக்கு அக்கறையாக அந்தச் செடியை அன்பினால் யாரும் வளர்த்திருக்க முடியாது.

செடி கொழுத்தது. பூ ஒவ்வொன்றும் ரூபாய்க் காசைவிடப் பெரிதாக, அடுக்கடுக்காகப் பூத்தது. சார் தெருவில் எல்லோரிடமும் சாமியின் அருள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நின்று கேட்டுச் சிரிப்பேன். நெத்திலியின் அருள், மத்தியின் அருள். என்றைக்காவது நாலு பேர் முன்னால் இதைப் போட்டு உடைப்பேன் என்று காத்திருந்தேன்.

அந்த நாள் 2009-இல் வந்தது. படிப்பு முடிந்து சிதம்பரத்திலேயே ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சார் தன் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களுக்குப் பூப் பறித்தபடியே செடியைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் சுவர்கிட்டே போய், மீன் சட்டியோடு நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

"சார், இந்தச் செடிக்கு மூணு வருஷமா மீன் கழுவுன தண்ணிதான் ஊத்துறேன். கறித் தண்ணியும்தான்."

அவர் முகம் கறுக்கும், கூடையைக் கீழே போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துறட்டியை நிறுத்தக்கூட இல்லை.

"அதானே பாத்தேன், இவ்ளோ பெருசா பூக்குதேன்னு. பூவுக்கு ஏதும்மா தீட்டு? எங்க பூத்தாலும் பூதான்" என்றார். சொந்தக்காரர்களும் தலையாட்டினார்கள். "கொஞ்சம் ஜாஸ்தியாவே ஊத்தும்மா" என்று சிரித்துவிட்டு அடுத்த கிளையை வளைத்தார்.

அப்படியானால் தண்ணீருக்கு மட்டும் ஏது சார் தீட்டு என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூன்று வருஷம் குடலைப் புதைத்துச் சேர்த்துவைத்த பழியை அவர் ஒரு சிரிப்பில் எருவாக்கிக்கொண்டார். வீட்டுக்குள் வந்து அழுதேன். அம்மா மீனை உப்புப் போட்டு அலசிக்கொண்டே, "சத்தம் போட்டுச் சொல்றதெல்லாம் அவுங்களுக்கு ஒறைக்காது" என்றாள்.

2011 டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. விடிந்து வெளியே வந்தால் தெருவே அடையாளம் தெரியவில்லை. கரண்டுக் கம்பமெல்லாம் முறிந்து கிடந்தது. சார் வீட்டுத் தென்னை சாய்ந்து, காம்பவுண்டுச் சுவரை உடைத்து, எங்கள் நந்தியாவட்டை மேலே விழுந்திருந்தது. செடி தரையோடு நசுங்கிவிட்டது. கிளைகள் பிளந்து பால் வடிந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கு அவர் சாமி மொட்டையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கரண்டு நாள்கணக்கில் வரவில்லை. மோட்டார் ஓடாது, டேங்கு காலி, சாலையெல்லாம் மரம் கிடந்ததால் கேன் தண்ணீர் வண்டியும் வரவில்லை. தெரு மொத்தமும் குடங்களோடு எங்கள் அடிபம்புக்கு வந்தது. நானும் அம்மாவும் மாற்றி மாற்றி அடித்துக் கொடுத்தோம். குடிக்கக் கேட்பவர்களுக்கென்று பம்படிக் கல்லில் அம்மா எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தாள். சார் முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் அவர் மனைவி இரண்டு குடத்தில் பிடித்துப் போனார், புழங்குவதற்கு என்று சொன்னார்.

மூன்றாம் நாள் காலை முழுக்க சார் அரிவாளோடு தென்னை மட்டைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியதும் உடைந்த சுவரைத் தாண்டி வந்து பம்படியில் நின்றார். உதடு வெளுத்திருந்தது.

"கொஞ்சம் குடிக்கத் தண்ணி குடும்மா" என்றார். கேட்டேவிட்டார்.

பக்கத்தில் நாலைந்து பேர் டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் டம்ளரைத் தொடாமல் இரண்டு கையையும் குவித்துக் குனிந்தார். என்ன சொல்லிக் கொல்லலாம் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது அம்மா, "இருங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வரும்போது அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் கப் இருந்தது. வெள்ளையாக இருந்தது மஞ்சளாகிப்போய், விளிம்பில் ஓரிடம் கீறியிருந்தது. அதை எல்லோரும் பார்க்க பம்புத் தண்ணீரில் இரண்டு தடவை அலசினாள். நிரப்பி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

அவருக்குப் புரிந்ததா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. உடைந்த சுவருக்கு அந்தப் பக்கம் குடத்தோடு நின்றிருந்த அவர் மனைவிக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். சார் கல்லின் மேலிருந்த டம்ளர்களைப் பார்த்தார், கையிலிருந்த கப்பைப் பார்த்தார். தாகம் பெரிதாக இருந்திருக்க வேண்டும். குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை நான் கடைசிவரை பார்த்தேன். குடித்து முடித்து, கப்பை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார்.

"வெளியில போட்டுடுங்க சார்" என்றாள் அம்மா.

அதே குரல், அதே இனிமை. அவர் கப்போடு தெரு வரைக்கும் நடந்து போனதை நான் பம்புக் கைப்பிடியை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இனித்தது. இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது.

மாசியில் நந்தியாவட்டை அடியிலிருந்து துளிர்த்தது. சித்திரைக்குள் இடுப்பளவு வளர்ந்து பூத்தது. சுவரைத் திரும்பக் கட்டவில்லை, நடந்தே வந்து பறிக்கலாம். அவர் வரவில்லை. பூக்கள் அப்படியே மலர்ந்து, பழுத்து, உதிர்ந்தன. ஒருநாள் மீன் தண்ணீரை வேரடியில் ஊற்றிக்கொண்டே அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தக் கப்ப எங்கம்மா வெச்சிருந்த?"

"பீரோவுல. பச்சப் பட்டுக்கு அடியில."

அந்தப் பட்டை அன்றைக்குப் பிறகு அவள் ஒரு விசேஷத்துக்கும் கட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா குனிந்து, உதிர்ந்த பூக்களைச் செடியடிக்கே தள்ளிவிட்டாள்.

"ஏழு வருஷமா எடத்த அடைச்சிக்கிட்டு கெடந்துச்சி" என்றாள். "இந்தப் பக்கமும் கொஞ்சம் ஊத்து, வேரு காஞ்சி கெடக்கு."