மேல்தட்டைத் தட்டிப் பார்த்த காலை

காலை 7.10. வந்தவாசியில் ஏறிய பேருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம் கடந்து எட்டரைக்கு ஆரணியில் இறக்கிவிட்டது. பூங்காவுக்கு ஆட்டோ அறுபது ரூபாய்.

"கோபுரம் பாக்கவா வந்தீங்க? இன்னிக்கே பாத்துக்கோங்க. மேல்தட்டை இடிக்கப் போறாங்களாம்," என்றார் ஓட்டுநர்.

நான் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளன். பழைய கட்டடம் எங்கே இருந்தாலும் போய்ப் பார்த்துவிடுவேன்.

8.50. எட்டுப் பட்டைச் சுவர், மூன்று தட்டு. கீழே ஆளுயர வளைவுகள், நடுவில் சுற்றிவர உப்பரிகை, உச்சியில் சின்னக் கும்மட்டம். காவலுக்கோ குடியிருக்கவோ கட்டியதல்ல. பூங்காவுக்கு அழகு சேர்க்கவே கட்டியது. கட்டியவர் பெயர் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை.

சாரத்தில் நின்றிருந்த கொத்தனார் ஏழுமலையிடம் கேட்டுக்கொண்டு மேலே ஏறினேன். காரை உதிர்ந்த இடங்களில் கோபுரத்தின் கதை தெரிந்தது. கீழ் இரண்டு தட்டிலும் அகலமான, மெல்லிய செங்கல். மூன்றாவதில் மட்டும் தடித்த, சின்னச் செங்கல். இரண்டு தட்டு உயரம் போதாமல் பிற்காலத்தில் யாரோ மூன்றாவதை ஏற்றியிருக்கிறார்கள்.

"மேல்தட்டு மொத்தமும் பொள்ளு, உள்ள வெத்தா கீதுன்னு எழுதிட்டாங்க சார். காலையிலேர்ந்து சுத்தியால தட்டிகினே வர்றேன். மேற்கால ரெண்டு பட்டைதான் பொள்ளு. மிச்சமெல்லாம் கல்லாட்டம் கீது."

"சொன்னீங்களா?"

"இடிக்க வந்தவன் இடிக்க வேணாம்னு சொன்னா பேஜாராயிடும் சார்."

சுத்தியலைச் சாரப் பலகையில் வைத்தார். பிறகு கைபேசியை எடுத்துப் பொறியாளரைக் கூப்பிட்டார்.

10.20. ஒப்பந்தக்காரரின் பொறியாளர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முப்பது வயதுப் பெண்.

"ஜல்தியா முடிக்கச் சொன்னா, பேசிகினு இருக்கீங்களா?"

ஏழுமலை சுத்தியலை நீட்டினார். "நீங்களே தட்டிப் பாருங்கம்மா."

அவர் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறினார். ஒவ்வொரு பட்டையிலும் தட்டி, சுவரில் காதை வைத்துக் கேட்டார். இரண்டு முறை சுற்றினார். இறங்கியபோது முகமெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"எழுதினது நான்தான்," என்றார் எங்கள் இருவரையும் பார்த்து. "கீழ நின்னு பாத்துட்டு எழுதினேன். அந்த ரெண்டு பட்டையை மட்டும் பிரிச்சுக் கட்டுங்க. சுண்ணாம்புலயே."

"ரெண்டு வாரம் கூட ஆவும்மா."

"ஆவட்டும். ஆபீஸ்ல நான் பேசிக்கறேன்."

பகல் 1.15. திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. எங்கள் ஊர்ப் பூங்காவிலும் இப்படி ஒரு கோபுரம் இருந்தது. கீழே நின்று பார்த்துவிட்டு, பலவீனம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். இடிப்பதற்கு முதல்நாள் கொத்தனார் ஒருவர் என் மேசைவரை வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேலையாக இருக்கிறேன், அப்புறம் வாருங்கள் என்றேன். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.