காசு கொடுத்து வாங்கிய பூட்டு

வெள்ளவத்தையில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. காலையில் களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கிற அதே டொக்டரை, பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணி, அதாவது முன்கூட்டியே நம்பர் எடுத்து, காசு கட்டிப் பார்த்தால்தான் எங்களுக்குக் காய்ச்சல் மாறும். அதே டொக்டர், அதே மருந்து. சும்மா கிடைத்தால் அது மருந்தில்லை. இந்த வியாதி எனக்கும் இருந்தது. அதனால் ஒரு பெண்ணுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், வீட்டு முன்னறைதான் என் கந்தோர். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு, வாக்குமூலம் என்று தமிழில் வருவதையெல்லாம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஆக்கி, முத்திரை குத்திக் கொடுப்பேன். ஒருநாள் பிரிண்டர் மறுபடியும் பழுதென்று, அச்செடுக்கச் சந்தியிலிருந்த கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன். அந்தக் கடைக் கொம்பியூட்டரின் திரை முழுக்க ஊரார் வீட்டுப் பத்திரங்கள். யாருடையவோ பாஸ்போர்ட், யாருடையவோ சீதன உறுதி. நடுவில், போன மாதம் நான் கொண்டுபோய் அச்செடுத்த ஒரு விவாகரத்து வழக்குக் கடதாசி. இனி என்னிடம் உள்ளதையெல்லாம் பூட்டித்தான் வைப்பது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிற என் சிநேகிதி ஒருத்தி, அதற்கு இலவசமாகவே நல்ல மென்பொருள் இருக்கிறது என்றாள். கோப்புகளை யாராலும் வாசிக்க முடியாதபடி குழப்பி வைத்துவிடும். அதைச் செய்தவர்கள் எப்படிச் செய்தோம் என்பதை உலகத்துக்கே காட்டி வைத்திருக்கிறார்கள், பிழை இருந்தால் யாரும் பிடிக்கலாம். கடவுச்சொல் உன்னிடம் மட்டும்தான், மறந்தால் அந்தக் கடவுளே வந்தாலும் திறக்க ஏலாது என்றாள். நான் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? ஏதும் நடந்தால் யாரைப் பிடித்துக் கேட்பது? அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கோ அவள் என்னை இலவச வார்டில் படுக்கச் சொல்வதாகப் பட்டது.

நான் போனது கொம்பியூட்டர் விற்கிற ஒருவரிடம். எங்கட ஆள். இரண்டு ஊர் தள்ளித்தான் அவருடைய ஊரும். இலவசத்தைப் பற்றிச் சொன்னதும், "சும்மா குடுக்கிறவன் சும்மாவா அக்கா குடுப்பான்?" என்று கேட்டார். எவ்வளவு நியாயமான கேள்வி! வருடச் சந்தாவுக்கு ஒரு மென்பொருளை அவரே வீட்டுக்கு வந்து போட்டுத் தந்தார். அந்த மனிசனுக்கு நான் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

அதற்குப் பல மாதம் கழித்துத்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். புருஷன் அடிக்கிறவன். அவனை வீட்டைவிட்டு விலக்கி வைக்கும்படி நீதிமன்றத்தில் கேட்கப் போகிறாள். அவளுடைய சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவள் சொல்வதை நான் எழுதி, சிங்களத்தில் ஆக்க வேண்டும். கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு நான்கு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வந்தாள். ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நான்காம் கிழமை, சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். சொல்லி முடித்துவிட்டு, "இத வேற யாருக்கும் வாசிக்க ஏலுமா அக்கா?" என்று கேட்டாள். ஒருத்தருக்கும் ஏலாது, காசு கொடுத்து வாங்கின பூட்டு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

கடதாசியாக எதுவும் இருக்கக்கூடாது, வழக்குக்கு முதல் நாள் வந்து அச்செடுத்துக்கொள்கிறேன் என்றாள். சொன்னபடியே முதல் நாள் காலையில் வந்தாள். கோப்பைத் திறக்கப் போனால் திரையில் ஓர் அறிவித்தல். சந்தா முடிந்துவிட்டதாம், புதுப்பித்தால்தான் திறக்குமாம். நான் எழுதியது, அவள் அழுதுகொண்டு சொன்னது, அதை நான் பார்ப்பதற்கு எவனோ ஒருவனுக்கு நான் கப்பம் கட்ட வேண்டும். சரி, கட்டித் தொலைக்கிறேன் என்றால் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு என் கார்ட் செல்லாது என்றது வங்கி. எனக்கு வந்த ஆத்திரத்தில் கொம்பியூட்டரைத் தூக்கி றெயில் பாதையில் எறிந்திருப்பேன்.

விற்றவருக்கு போன் எடுத்தேன். கை இரண்டும் கீபோர்டில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அவள் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். புதுப்பிக்க மூன்று நாள் ஆகும் என்றார் அவர். நாளைக்கு வழக்கு என்று கத்தினேன்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. எல்லா கஸ்டமர்மாற்ற திறப்பிலயும், அதுதான் பாஸ்வேர்ட்டிலயும், ஒரு கொப்பி என்னட்ட இருக்கு. மறக்கிற ஆக்களுக்கு உதவியா இருக்குமெண்டு நான் வச்சிருக்கிறனான். நீங்கள் ஃபைலை அனுப்பவும் தேவையில்ல, இஞ்சயிருந்தே உங்கட கொம்பியூட்டருக்குள்ள வந்து திறந்து தாறன்."

அதை அவர் பெருமையாகச் சொன்னார். உபகாரமாகச் சொன்னார். அப்படியென்றால் இத்தனை நாளும் உங்களால் வாசிக்க முடிந்ததா என்று கேட்டேன். சீ, எனக்கேன் உங்கட ஃபைல் என்று சிரித்தார். நான் வாய்க்கு வந்ததெல்லாம் ஏசினேன். அவருக்கு என் கோபம் கடைசிவரை விளங்கவில்லை. எங்கட ஆள்தானே அக்கா, ஏன் சந்தேகப்படுறீங்கள் என்று அவர்தான் மனம் நொந்தார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"அந்த அண்ணன் வாசிச்சிருப்பாரா அக்கா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? அவரைக் கொண்டே திறப்போமா என்று கேட்டேன். வேணாம், அழிச்சிடுங்க என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன். பிறகு நான் பேனையும் கடதாசியும் எடுக்க, அவள் முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள். நான்கு கிழமையில் சொன்னதை இரண்டு மணித்தியாலத்தில், அழாமல், அடுத்த வீட்டுக்காரியின் கதையைப் போலச் சொன்னாள். சுவரைப் பார்த்துச் சொன்ன அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. நான் பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாள். ஒருத்தர் சொல்லாததை எழுத எனக்கு உரிமையில்லை.

இரவிரவாக நான் சிங்களத்தில் ஆக்கியதை, அடுத்த நாள் நீதிமன்ற வாசலில் சட்டத்தரணி வாசித்தார். இதெல்லாம் பழைய சம்பவங்கள், இதை வைத்துக்கொண்டு அவனை எச்சரித்து விடுவார்கள், அவ்வளவுதான் நடக்கும் என்றார். கிட்டடியில் வேறு ஏதாவது பெரிதாக நடந்ததா, கேளுங்கள் என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னார். கேட்டேன். அவள் என்னைத்தான் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"ஒண்ணும் இல்ல அக்கா. இவ்வளவுதான்."

அதை நான்தான் சிங்களத்தில் சொன்னேன். சொல் பிசகாமல் சொன்னேன். நீதவான் அவனை எச்சரித்தார். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்.