தண்ணீர் படாத நாக்கு

திருகோணமலையில் எது எங்கே ருசியாகக் கிடைக்கும் என்று என்னிடம் கேட்டால் நான் யோசிப்பதே இல்லை. பிஸ்கட் கம்பனிக்காகக் கடை கடையாக ஏறி ஓடர் எடுக்கிற வேலை எனக்கு. கப்பல்துறையிலிருந்து வெருகல் வரை என் மோட்டார் சைக்கிள் நிற்காத சந்தி இல்லை. கடற்கரையில் இறால் வடை வாங்குகிறவர்கள் இறாலைப் பார்ப்பார்கள். நான் எண்ணெயைப் பார்ப்பேன். துறைமுக வாசலில் ரொட்டி விற்கிற இருவரில் யாருடைய சம்பல் நேற்றைய மிச்சம் என்று சைக்கிளை விட்டு இறங்காமலே சொல்லிவிடுவேன். என் மனைவிக்கு இதெல்லாம் வெறும் வாய்க்கொழுப்பு.

போன நோன்பு மாதம் ஒரு பின்னேரம், நாலரை மணி இருக்கும், கிண்ணியாவில் வந்துகொண்டிருந்தேன். வீதியோரம் புதிதாக ஒரு மேசை. அதற்குப் பின்னால் அடுப்பில் பெரிய கஞ்சிப் பானை. தேங்காய்ப்பாலும் இறைச்சியும் உள்ளியும் சேர்ந்து கொதிக்கிற மணத்துக்குக் கால் தானாகவே பிரேக்கில் ஏறிவிட்டது.

பானையைக் கிண்டிக்கொண்டு நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். லொறி ஓட்டி முதுகு பிசகி, வேலையை விட்டவர். பக்கத்தில் அவருடைய மனைவி சமூசா பொரித்துக்கொண்டிருந்தார். என் நெற்றித் திருநீற்றைக் கண்டதும் கஞ்சி கிண்டியவரின் முகம் மலர்ந்தது.

"தம்பி, நீங்க நோன்பில்லதானே? ஒருக்கா உப்புப் பார்த்துச் சொல்லுவீங்களா?"

நோன்பு பிடித்தவர்கள் நுனி நாக்கில் வைத்துத் துப்பினால் குற்றமில்லை என்பார்கள். ஆனால் அவருக்கு மனம் வரவில்லை. முதல் நாள் குத்துமதிப்பாக உப்பைப் போட்டு, கஞ்சி சப்பென்று போய்விட்டது.

"இந்த ஒரு மாசம்தான் எங்களுக்கு உழைப்பு. இண்டைக்கும் பிழைச்சா ஆரும் இந்தப் பக்கம் திரும்பமாட்டாங்க" என்றார்.

நோன்பு பிடிக்கிறவர்களின் வீதியில் நின்று வாய் அசைப்பது மரியாதையில்லை. அடுப்பருகே கட்டியிருந்த திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒரு கரண்டி குடித்தேன்.

"காணாது நானா. இன்னும் ஒரு பிடி போடுங்கோ." முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஒரு பிடியா?" என்றார் மனைவி.

"ஓம் அக்கா, என்னை நம்பிப் போடுங்கோ. நான் ஊரெல்லாம் சாப்பிடுறனான்."

போட்டார்கள். நானும் ஒரு பை கஞ்சி வாங்கிக்கொண்டு போனேன். வீட்டில் நாலு பேரும் வழித்துக் குடித்தார்கள். என் நாக்கை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

அடுத்த நாள் பாராட்டு வாங்கத்தான் போனேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. நானா நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்காதான் சொன்னார்.

"நேத்து பள்ளியில பாங்கு சொன்ன கையோட குடிச்சவங்க எல்லாரும் முகத்தைச் சுளிச்சாங்க தம்பி. உப்புக் கரிக்குதெண்டு பாதிப் பேர் கோப்பையை வெச்சிட்டுப் போயிட்டாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்கட வீட்டில எல்லாரும் நல்லாயிருக்கெண்டு குடிச்சவை! இவையளுக்கு என்ன, நாக்குச் செத்துப்போச்சா?"

அக்கா கோபப்படவில்லை. "நீங்க பகலைக்குச் சோறு திண்டு, தேத்தண்ணியும் குடிச்சிட்டு வந்து பார்த்தீங்க. விடியக்காலைல இருந்து தண்ணி படாத வாய்க்கு உப்பு வேற மாதிரி. அதை யோசிக்காதது எங்கட பிழைதான்."

அன்றைக்கும் வழியில் கடை கடையாகத் தேநீர் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பிழையைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டு அவர் சொன்ன விதம் எனக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது. "இண்டைக்குக் குறைச்சே போடுங்கோ. நாளைக்கு நான் வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியுமுன் எழும்பி, இரவு மிஞ்சிய பிட்டைச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தேன். அதோடு சரி, பிறகு பச்சைத் தண்ணீரும் இல்லை. கந்தசஷ்டி விரதத்துக்கே இளநீரில் காலத்தை ஓட்டுகிறவன் நான். வழக்கமாகத் தேநீர் தருகிற தோப்பூர்க் கடைக்காரர், வேண்டாம் என்றதும் எனக்குச் சீனி வியாதியா என்று விசாரித்தார். வெயில் உச்சிக்கு வந்தபோது, எனக்கு ஏன் இந்த வேலை என்று என்னையே திட்டினேன். நாலு மணிக்கு உதடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

திரைக்குப் பின்னால் முதல் கரண்டி. தொண்டை முழுக்க ருசி பரவியது. இரண்டு நாளைக்கு முன் இதே நாக்குத்தானா ஒரு பிடி போடச் சொன்னது! "ஒரு சிட்டிகை" என்றேன். நானா போட்டார். இரண்டாவது கரண்டி.

"காணும். இனிப் போடாதேங்கோ."

அதோடு என் வேலை முடிந்தது. ஆனால் அந்த நேரத்தில், அந்த வீதியில், தண்ணீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கஞ்சி என்ன ஆகிறது என்று பார்க்காமல் போகவும் ஏலாது. மேசைக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஒருவர் குடித்தார், வாயைத் துடைத்தார், இன்னும் ஊற்றச் சொல்லிக் கோப்பையைத் திரும்ப நீட்டினார். பிறகு அவரே எதிர்க் கடைக்காரரைக் கூப்பிட்டார். கடைக்காரர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் அகப்பை பானையின் அடியைச் சுரண்டியது.

அப்போதுதான் நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீங்க இன்னும் ஒண்டும் குடிக்கல்லையா?"

பானையில் ஒன்றுமில்லை. அக்கா உள்ளே போய், தங்கள் இருவருக்குமென்று எடுத்து வைத்திருந்த ஒரு சட்டிக் கஞ்சியைக் கொண்டுவந்தார். அவர்களும் அதுவரை ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான். மூன்று கோப்பையில் ஊற்றினார். "இரிங்க தம்பி" என்று கதிரையை இழுத்துப் போட்டார். குடிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. சூட்டினால் என்று சொல்லிவைத்தேன்.

உப்பின் அளவு அன்றைக்கே பிடிபட்டுவிட்டது. இனி அளந்து போட்டால் போதும். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

"நாளைக்கும் உப்புப் பார்க்க வருவீங்கதானே?" என்று கேட்டார் நானா.

நோன்புப் பெருநாள் வரைக்கும் ஒரு நாள் தவறாமல், பட்டினியாகவே போனேன்.